இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா?

அத்தியாயம் 3

செத்துப்போனவர் புகார் எழுதினால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். பிறக்கவே பிறக்காத ஒரு பெண்மணி எழுதினால் என்ன செய்வது?

முதலாளி இதைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் துப்பறியும் அம்மையார். நாற்பதைத் தாண்டியவர், யார் என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பவர். மற்றவன் அவருடைய கணவரின் தம்பி, அவருக்கு உதவியாளன். தலைமுடியை வைத்து வந்த பெயர் சுருட்டை. "சும்மா வீட்டுல இருக்கிறதுக்கு என்னோட வா" என்று அண்ணி கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவனுக்குச் சும்மா இருக்க நேரமே கிடைக்கவில்லை.

முதலாளியின் பார்வை சுருட்டையின் தோளில் போய் நின்றது. அங்கே இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பு நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது.

"சட்டையைப் பார்க்காதீங்க சார்," என்றான் சுருட்டை. "ரெண்டு தெரு தள்ளி ஒரு சலவைக்கடைக்காரன் இருக்கான், அவன் வச்ச முத்திரை. மொட்டைமாடியில இரும்புச் சட்டத்துல ஆள் உயர எழுத்து வச்சிருக்கான், ‘சலவை’ன்னு. அதுல ‘ல’ ஆணி கழண்டு தலைகீழாத் தொங்குது. சொந்தப் பேரையே நிமிர்த்தி வைக்க முடியாதவன் என் சட்டையையா ஒழுங்காத் தேய்க்கப்போறான்?"

"சுருட்டை," என்றார் அண்ணி.

ஒரே வார்த்தைதான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க சார்."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க திரை வடிவமைக்கிறவங்க மேடம். போன்ல எந்த பட்டன் எங்க இருக்கணும், அதுக்கு என்ன பேரு, எதுக்குள்ள எது போகணும், இதெல்லாம் எங்க வேலை. வீடு கட்டுறதுக்கு முன்னாடி வாசல் எங்க, படி எங்கன்னு போட்டுத் தருவாங்களே, அந்த மாதிரி. இப்ப ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆப் பண்ணிட்டிருக்கோம். வீட்டுல தனியா இருக்கிறவங்க, முடியலைன்னா நர்சைக் கூப்பிடறதுக்கு. இன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பார்க்கப்போறாங்க."

"நல்ல காரியம். இதுல பிறக்காத பொம்பளை எங்க வர்றாங்க?"

முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ச்சுவரைக் காட்டினார். கதவு அகலத்துக்கு மூன்று புகைப்படங்கள். நடுவில் இருந்தது, அறுபது அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர்.

"ஆப் பண்றதுக்கு முன்னாடி, அதை யார் பயன்படுத்தப்போறாங்களோ அந்த மாதிரி நாலஞ்சு பேரைப் பார்த்துப் பேசுவோம். அப்புறம் எல்லாரையும் கலந்து ஒரு கற்பனை ஆளை உண்டாக்குவோம். பேரு, முகம், பழக்கம் எல்லாம் வச்சு. எதைச் செஞ்சாலும், இது அந்த ஆளுக்குப் புரியுமான்னு கேட்டுக்குவோம். நடுவுல இருக்காங்களே, அவங்க மாடி அத்தை. மூணாவது மாடியில தனியா இருக்காங்க. கை நடுங்கும், முழங்கால் வலி, சின்ன எழுத்து தெரியாது. எல்லாம் நாங்களா வச்சது."

"இல்லாத அத்தைக்கு முழங்கால் வலி," என்றான் சுருட்டை. "இருக்கிற எங்க அத்தைக்கு வந்தப்ப இத்தனை பேரு கவலைப்படலை சார்."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவர் முகம். "அந்த அத்தை பேர்ல இப்ப செய்தி வருது மேடம். சோதனை ஆப் எங்க ஆபீஸ் போன்ல மட்டும்தான் இருக்கு. எல்லா போனையும் வாங்கி என் அலமாரியில பூட்டிட்டேன். அப்பவும் வருது."

"எல்லா போனும் உள்ள இருக்கா?"

"ஒண்ணைத் தவிர. அது ஒட்டுத்தாளோட போயிடுச்சு."

ஒட்டுத்தாள் என்பது அந்த அலுவலகத்தின் மூத்த வடிவமைப்பாளர். மனதில் எது தோன்றினாலும் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி எதிலாவது ஒட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். போன மாதம் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துவிட்டார். கையில் இருந்ததெல்லாம் சக்கரத்தில் நசுங்கியது. போனும் அதில் போயிருக்கும் என்று யாரும் தேடவில்லை. மாடி அத்தையை உண்டாக்கியதும் அவர்தான்.

"யார் மேல சந்தேகம்?"

"பென்சில் மேல."

"ஒட்டுத்தாள், பென்சில்," என்றான் சுருட்டை. "சார், இது ஆபீஸா, ஸ்டேஷனரி கடையா?"

"அவர்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு. அவர் போனப்புறம் நான் ஒரு பேரை மாத்தினேன். அதுக்காக என்னோட பெரிய சண்டை. அதுக்கப்புறம்தான் செய்தி வர ஆரம்பிச்சுது. அவதான் செய்றான்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபிச்சுக் கொடுங்க. வெளியே அனுப்பிட்டு போலீஸ்லயும் எழுதிக் கொடுத்துடுவேன். இந்தத் தொழில்ல அவளை எவனும் வாசல்ல சேர்க்க மாட்டான்."

"அவங்க இல்லைன்னா?"

"அப்ப ஆவின்னு சொல்லுவீங்களா?" என்று கேட்ட முதலாளி, தன் கேள்விக்குத் தானே பயந்தவர்போல எழுந்துவிட்டார்.

*

சோதனை அறை என்று சொன்னார்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பக்கச் சுவரில் பெரிய கருப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து யாரையாவது கூட்டி வந்து உட்காரவைத்து ஆப்பைக் கொடுப்பார்களாம். கண்ணாடிக்குப் பின்னால் மற்றவர்கள் உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பார்களாம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த சுருட்டைக்கு, அதற்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பை விரட்ட முடியவில்லை.

மற்ற சுவர்கள் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள். எல்லாம் ஒரே கையெழுத்து. ‘அத்தை கண்ணாடி போடாமல் பார்ப்பார்.’ ‘அத்தைக்கு அவசரம் என்றால் யோசிக்க நேரம் இல்லை.’ ‘அத்தை என்ன செய்வார்?’ பசை காய்ந்துபோய், மின்விசிறி ஓடாத அந்த அறையில் ஒரு தாள் தானாகக் கழன்று, அசைந்து அசைந்து வந்து சுருட்டையின் கால் அருகில் விழுந்தது. அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"பயப்படாதீங்க, அப்படித்தான் விழும்," என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். இருபத்தைந்து வயதிருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "தினம் ரெண்டு விழுது. எடுத்து ஒட்டுவேன். மறுபடியும் விழும்."

"நான் பயப்படலைங்க. மரியாதைக்கு ஒதுங்கினேன்."

அண்ணி அவள் எதிரே உட்கார்ந்தார். "எந்தப் பேருக்காகச் சண்டை போட்டீங்க?"

"‘உதவி’." பென்சில் முதலாளியைப் பார்க்காமலே பேசினாள். "ஒட்டுத்தாள் அண்ணன் முதல் திரையிலேயே பெருசா உதவின்னு ஒரே பட்டன் வச்சிருந்தாரு. அமுக்கினா நர்சுக்குப் போகணும். சோதனைங்கிறதால அப்போதைக்கு அவரோட சொந்த போனுக்குத்தான் வரும். சார் அதை மாத்திட்டாரு. நர்சைக் கூப்பிடறதுக்கு ‘சேவைக் கோரிக்கை’ன்னு பேர் வச்சு, திரை ஓரத்துல இருக்கிற இந்த மூணு கோட்டுக்குள்ள போட்டுட்டாரு. ‘உதவி’யை அமுக்கினா இப்ப வேற வருது."

"உலகம் முழுக்க அப்படித்தான் மேடம்," என்றார் முதலாளி. "உதவின்னா ஆப்பை எப்படிப் பயன்படுத்துறதுன்னு சொல்ற இடம். கடவுச்சொல்லை எப்படி மாத்துறது, எழுத்தை எப்படிப் பெருசாக்குறது. கீழே, உதவியா இருந்துச்சா இல்லையான்னு கேட்டு ஒரு பெட்டி. மைக்கை அமுக்கிப் பேசினா எழுத்தா வந்துடும். இதெல்லாம் தெரியாத விஷயமா?"

"முடியாம கிடக்கிறவங்களுக்கு உதவின்னா உதவிதான் சார்!"

"பார்த்தீங்களா? இதே வார்த்தைதான் செய்தியிலயும் வருது."

அவர் தன் போனை நீட்டினார். சுருட்டை எட்டிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் மேலே ‘மாடி அத்தை’ என்று இருந்தது.

*உதவியை எங்கே ஒளிச்சு வச்சே. நீ சொன்ன இடத்துல இல்லை.*

*உதவியை அமுக்கினா கேள்வி கேக்குது. உதவின்னு கூப்பிடறவங்ககிட்ட யாராவது கேள்வி கேப்பாங்களா.*

*ஏணியில ஏறிப் பார்த்தேன். அங்கேயும் உதவி இல்லை.*

*இந்தப் பக்கம் யாரும் வரலை. அந்தப் பக்கம் நீ இருக்கியா.*

கடைசி வரியைச் சுருட்டை இரண்டு தரம் படித்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து யார் யாரைக் கூப்பிடுகிறார்கள்? கருப்புக் கண்ணாடியை அவன் இன்னொரு தரம் பார்க்கத் துணியவில்லை.

"அண்ணி, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்பிடலாமா? நமக்கு உசிரோட இருக்கிற திருடனே போதும்."

அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ஏணின்னா என்ன?"

பென்சில் மெல்ல, திரையின் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த மூன்று சின்னக் கோடுகளைக் காட்டினாள். "இதுதான். நாங்க மூணு கோடுன்னு சொல்லுவோம்."

"நீங்க என்ன சொல்லுவீங்க சார்?"

"மெனு."

"சுருட்டை?"

"எனக்கு ஜன்னல் கம்பி மாதிரி தெரியுது. வீட்டுல அடைபட்டுக் கிடந்த பழக்கம்."

"ஆளுக்கொரு பேரு. ஏணின்னு ஒருத்தருக்கும் வரலை," என்றார் அண்ணி. "தெரிஞ்ச பேரைத் தெரியாத மாதிரி நடிக்கலாம். வராத பேரை வரவழைக்கிறது கஷ்டம். ஏணின்னு இந்த ஆபீஸ்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

பென்சிலின் முகம் வெளுத்தது. "அண்ணன் சொல்லுவாரு. அண்ணன் மட்டும்தான். ‘அத்தைக்கு இது ஏணி. அத்தை முழங்காலை வச்சுக்கிட்டு ஏணி ஏற மாட்டாங்க, எல்லாத்தையும் தரையிலேயே வை’ன்னு சொல்லுவாரு."

கேட்ட அண்ணியின் புருவம் உயர்ந்தது. செத்தவர் வாயில் மட்டும் இருந்த வார்த்தை, பிறக்காதவர் பெயரில் வருகிறது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

மேசைக்கு அடியிலிருந்து வந்தது. பெண் குரல்தான், ஆனால் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத குரல். சுருட்டை நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டான். நாலைந்து ஒட்டுத்தாள்கள் அவன் தலையில் உதிர்ந்தன.

"மாடி அத்தை. இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா? பதில்: இல்லை. கருத்து: தரை சில்லுன்னு இருக்கு. என்னால எழுந்திருக்க முடியலை. உதவின்னு கூப்பிட்டா வருவேன்னு சொன்னியே."

அவ்வளவுதான். ஒரு சின்ன மணி ஒலித்து அடங்கியது.

"அதை நிறுத்தச் சொன்னேனே!" முதலாளி கத்தினார். குரல் உடைந்து போயிருந்தது. "மேடம், அது ஸ்பீக்கர். செய்தி வந்தா சத்தமாப் படிக்கிற மாதிரி அவன்தான் வச்சுட்டுப் போனான். படிச்சா மறந்துடுவோம், காதுல விழுந்தா மறக்க மாட்டோம்னு சொல்லுவான்." பென்சிலின் பக்கம் திரும்பினார். "செத்தவனைப் புதைகுழியிலேர்ந்து பேச வைக்கிறியா? தரை சில்லுன்னு இருக்காம்! உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

பென்சில் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். அவளுடைய சொந்த போன் அண்ணியின் முழங்கைக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது.

"சார்," என்றார் அண்ணி, "உங்க கண்ணு முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. கை காலியா இருக்கு. வாயைத் திறக்கலை. இப்ப வந்த செய்தியை இவங்க எப்படி அனுப்பினாங்க?"

முதலாளி அவள் கையைப் பார்த்தார், அணைந்து கிடந்த போனைப் பார்த்தார்.

"அப்ப ஆவிதான்," என்றான் சுருட்டை ஈனசுரத்தில். "அண்ணி, நான் வாசல்ல நின்னு காவல் காக்கிறேன். வெளிவாசல்ல."

"ஆவியும் இல்லை. ஒட்டுத்தாளோட ஆவி வந்து எழுதினாலும் இப்படித் தப்பா எழுதாது." அண்ணி எழுந்துவிட்டார். அவர் குரலில் இருந்த அவசரம் சுருட்டைக்குப் புதிதாக இருந்தது. "அந்தப் பெட்டி என்ன கேக்குது? ‘இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா?’ பென்சில், பக்கம்னா என்ன?"

"பக்கம்னா... திரை. இப்ப பார்த்துட்டிருக்கிற பக்கம்."

"உங்களுக்கு அப்படி. இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் அப்படி. செத்துப்போனா மறந்துடுமா? ஆனா இந்தச் செய்தி எழுதறவங்களுக்குப் பக்கம்னா வேற. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ‘இந்தப் பக்கம் உதவி வந்துச்சா’ன்னு போன் அவங்களைக் கேக்குது. ‘இல்லை, இந்தப் பக்கம் யாரும் வரலை’ன்னு அவங்க பதில் சொல்றாங்க. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காப் பதில் சொல்லியிருக்காங்க சார்."

"யாரு?" என்றார் முதலாளி. "எவங்க?"

அண்ணி பதில் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அந்த மூன்று புகைப்படங்களுக்கு முன்னால் நின்றார்.

"இந்தப் படமெல்லாம் எங்க வாங்கினீங்க?"

"இணையத்துல விக்கிற படம்தான்..."

"இடது பக்கம் இருக்கிற பையன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுறான். வலது பக்கத்து மாமாவும் அப்படித்தான். விக்கிறதுக்கு எடுத்த படம்னா சிரிப்பாங்க. இந்தம்மா சிரிக்கலை. ‘வேலையைப் பாரு, என்னைப் போய் எடுத்துட்டிருக்கே’ன்னு முறைக்கிறாங்க. தெரிஞ்சவங்ககிட்டதான் அப்படி முறைப்பாங்க." அண்ணி பென்சிலைப் பார்த்தார். "அவர் நாலஞ்சு பேரைப் பார்த்துப் பேசினதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"இல்லக்கா." மேடம் எப்போது அக்கா ஆனார் என்று பென்சிலுக்கே தெரியாது. "சார் அதுக்கெல்லாம் நேரம் இல்லை, சீக்கிரம் முடிங்கன்னு சொல்லிட்டாரு. அண்ணன் மறுநாளே அத்தையைக் கொண்டு வந்துட்டாரு. அஞ்சு பேரைக் கலந்ததுன்னு சொன்னாரு."

"ஒருத்தரைத்தான் பார்த்திருக்காரு. அவங்களை அப்படியே கொண்டு வந்து மாட்டிட்டாரு. போனையும் அவங்ககிட்டயே கொடுத்து வச்சுட்டாரு. ஊர்ல நிஜமா ஒரு அத்தை இருக்காங்க. ‘உதவி’ங்கிற பேருக்காக அவங்க உங்களோட சண்டை போடலை சார். உதவின்னு கூப்பிட்டுட்டிருக்காங்க. இன்னைக்கு விழுந்து கிடக்காங்க."

அந்தக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பயனர், பயனர் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுகிறவர்கள். ஆவி என்று நினைத்தார்கள், துரோகி என்று நினைத்தார்கள். பயனர் என்று ஒருவர் நிஜமாகவே எழுதியிருப்பார் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சுருட்டைக்கும்தான் தோன்றவில்லை, அதனால் அவன் யாரையும் கேலி செய்யவில்லை.

"பதில் அனுப்புங்க, வர்றோம்னு சொல்லுங்க!" என்றான்.

"முடியாது," என்றாள் பென்சில். "அந்தப் பெட்டிக்குப் பதில் போற வழியே வைக்கலை."

"எங்க இருக்காங்கன்னாவது தெரியுமா?"

"கேக்காம யாரோட இடத்தையும் எடுக்கக் கூடாதுன்னு அண்ணன் அதை வைக்க விடலை." அவள் குரல் அழுகையில் கரைந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. மூணாவது மாடி. அவ்வளவுதான். ஊர்ல எத்தனை மூணாவது மாடி!"

அண்ணி படத்துக்கு மூக்கு தொடும் அளவுக்குப் போயிருந்தார். பெண்மணிக்குப் பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடியில் இரும்புச் சட்டம், அதில் பெரிய பெரிய எழுத்துகள். பின்பக்கத்திலிருந்து எடுத்ததால் எல்லாம் இடவலம் மாறியிருந்தன.

"மூணு எழுத்து," என்றார். "நடுவுல ஒண்ணு மட்டும்..."

சுருட்டை பார்த்தான். பார்த்தவன் தன் தோளில் இருந்த பழுப்புக் கறையைத் தானாகத் தொட்டுக்கொண்டான்.

"தலைகீழாத் தொங்குது," என்றான். "அண்ணி, அது என் சலவைக்காரன்!"

*

ஓடும்போதே அண்ணி ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். பென்சில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

சலவைக்கடைக்காரர் சுருட்டையைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாரானார். "மறுபடியும் வந்துட்டியா? காசெல்லாம் திருப்பித் தர முடியாது!"

"சட்டை கிடக்கட்டும்ணே. உங்க பலகைக்குப் பின்னாடி, மூணாவது மாடியில தனியா ஒரு அம்மா..."

கடைக்காரரின் முகம் மாறியது. "மாடி அத்தையா? என்ன ஆச்சு?"

ஆக, அந்தப் பெயரைக்கூட ஒட்டுத்தாள் கற்பனை செய்யவில்லை.

"துணி எடுத்துட்டுப் போய்க் கொடுக்கிறவன் நான்தான். முழங்காலுக்கு முடியாம எழுந்து வந்து திறக்க வேண்டாம்னு ஒரு சாவி என்கிட்ட கொடுத்திருக்காங்க." பேசிக்கொண்டே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, எரிகிற பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். போகிற போக்கில் சுருட்டைதான் அதை அணைத்தான். கருகிப்போக இன்னும் யார் சட்டையோ அங்கே இருந்தது.

லிஃப்ட் ஓடவில்லை. படியில் ஏறும்போது பென்சில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடிக்குப் போனதும் கடைக்காரர் பூட்டில் சாவியை விட்டார். இரண்டு தரம் தப்பியது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. சுருட்டை வாசலிலேயே நின்றுவிட்டான்.

வீடு முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள். அதே கையெழுத்து. விளக்கு சுவிட்சுக்கு மேலே, ‘இது வாசல் விளக்கு’. அலமாரியில், ‘காலை மாத்திரை மேலே, ராத்திரி மாத்திரை கீழே’. சாப்பாட்டு மேசையில், ‘பயப்படாமல் அமுக்குங்கள். நீங்கள் தப்பே பண்ண முடியாது’. அலுவலகத்தில் தினம் இரண்டாக உதிர்ந்துகொண்டிருந்த தாள்கள் இங்கே ஒன்றுகூட விழவில்லை. ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் யாரோ நடுங்கும் கையால் கோணல்மாணலாக டேப் ஒட்டியிருந்தார்கள்.

"அத்தை!" என்று கூப்பிட்டுக்கொண்டு பென்சில் உள்ளே ஓடினாள்.

சமையலறைத் தரையில், சுவரோரமாக ஒருக்களித்துக் கிடந்தார் மாடி அத்தை. ஒரு கால் இயல்பாக வராத கோணத்தில் மடங்கியிருந்தது. கழுத்தில் கயிறு கட்டிப் போன் தொங்கியது. படத்தில் இருந்த அதே முறைப்பு. ஆனால் உதடு காய்ந்து வெளிறியிருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அசையும்வரை சுருட்டைக்கு மூச்சு வரவில்லை.

அசைந்தது.

"நான்," என்றார் அத்தை. தொண்டை கட்டியிருந்தது. "நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

பென்சில் தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இல்ல அத்தை. நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் அமுக்கினீங்க. நாங்கதான் தப்பா வச்சுட்டோம்."

அத்தை அவளை உற்றுப் பார்த்தார். "நீதான் பென்சிலா? கொண்டையில வச்சிருக்கியே. உன்னைப் பத்திச் சொல்லுவான்."

கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்தார். அண்ணி காலைத் தொடாமல் பார்த்துவிட்டு, அசைக்க வேண்டாம் என்று சைகை காட்டினார். கீழே ஆம்புலன்சின் சத்தம் தெருமுனையில் திரும்புவது கேட்டது. பென்சில் ஸ்பூனால் தண்ணீரை ஊட்டினாள். அவளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையசைத்தார்.

"அத்தை, அண்ணன்..."

"தெரியும்மா," என்றார் அத்தை. "உசிரோட இருந்தா வந்திருப்பானே. இத்தனை நாள் வராம இருக்கிற பிள்ளையா அவன்." கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கக் கை தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பென்சில் துடைத்துவிட்டாள். "ஆனா, ‘நான் இல்லாட்டியும் அந்தப் பக்கம் யாராவது ஒருத்தர் கேட்டுட்டே இருப்பாங்க, விடாம சொல்லுங்க’ன்னு சொல்லியிருந்தான். அதான் சொல்லிட்டே இருந்தேன்."

சமையலறை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார் முதலாளி. சட்டையெல்லாம் வியர்வை. அத்தையின் கழுத்தில் தொங்கிய போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பட்டனைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது. முதலாளி அதைப் பார்த்தார். அவர் மாற்றி வைத்த திரை அது.

"இவர் யாரு?" என்று கேட்டார் அத்தை.

யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. முதலாளி ஒரு அடி உள்ளே வந்தார்.

"அந்தப் பக்கம் இருந்தவன்மா," என்றார்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு நேரம் இருந்தது. படியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் ஏறிவரும் சத்தம் இரண்டாவது மாடியைத்தான் தாண்டிக்கொண்டிருந்தது. வேண்டுமானால் வழிவிடுகிற சாக்கில் நகர்ந்திருக்கலாம்.

"கேட்டுச்சும்மா," என்றார் முதலாளி. "எல்லாமே கேட்டுச்சு."

அத்தை அவரைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முகத்தைப் பென்சிலின் பக்கம் திருப்பிக்கொண்டார்.